காசிமேட்டிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடை: காலுக்கு என்ன வாங்குவது, தோளில் என்ன சுமப்பது?

கல்மண்டபம் ஜூனியர்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் எங்கள் தெரு செட்டோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறேன், முதல் தடவை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முந்தின நாளாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறோம். எப்படிப் பார்த்தாலும் 320 கிலோமீட்டருக்குக் குறையாது, ஒரு நாளைக்கு 30 வைத்தால்கூடப் பத்துப் பதினோரு நாள்.

என்ன எடுத்துக்கொண்டு போவது என்பதில்தான் தலை சுற்றுகிறது. யூடியூபில் பார்த்தால் இமயமலை ஏறப்போகிற மாதிரி 60 லிட்டர் பை, மடக்குக் கம்பு, கணுக்கால் வரை பூட்ஸ். செட்டு அண்ணன்களிடம் கேட்டால் "ஒரு லுங்கி, ஒரு துண்டு, மிச்சத்தை மாதா பாத்துப்பாங்க" என்று முடித்துவிடுகிறார்கள். நம்ம வெயிலுக்கும் நம்ம ரோட்டுக்கும் என்ன வேண்டும்? பட்ஜெட் 4,000 ரூபாய், அதற்கு மேல் என்னால் முடியாது. சாமான் ஏற்ற ஒரு குட்டியானை கூட வருகிறது.

இன்னொன்று. அம்மாவும் வருகிறேன் என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் வேறு. அதற்கும் சேர்த்து யாராவது சொல்லுங்கள்.

பெரியமேடு பார்ட்டி

தம்பி, 4,000 ரூபாயில் பாதிக்கு மேல் காலுக்குப் போகட்டும், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். ஷூ தொழிலில் இருக்கிறேன், அதனால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே, என் கடைக்கு வா என்று சொல்லப்போவதில்லை.

பூட்ஸ் வேண்டவே வேண்டாம். அது கல்லும் சரிவும் இருக்கிற இடத்துக்கு. நீ நடக்கப்போவது தட்டையான தார் ரோடு. ஓட்டக்காரர்கள் போடுகிற ரன்னிங் ஷூ, மேலே வலை மாதிரித் துணி வைத்தது, அதுதான் சரி. சோல் கெட்டியாகத் தட்டினால் டக்கு டக்கு என்று சத்தம் வரக்கூடாது, கட்டைவிரலால் அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். காலையில் போய் வாங்காதே, சாயந்திரம் போ. நாள் முழுக்க நின்று நடந்த கால் லேசாக வீங்கியிருக்கும், பாதயாத்திரையில் மூன்றாம் நாளிலிருந்து உன் கால் எப்போதுமே அந்த அளவில்தான் இருக்கும். நடக்கும்போது போடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போட்டுப் பார். நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் போய் முட்டி, பாண்டிச்சேரி வருவதற்குள் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். வழக்கமாக 8 போடுகிறவன் 9 கேள், வெட்கப்படாதே.

பிளாட்பாரத்தில் 600 ரூபாய்க்குப் பெரிய கம்பெனி பெயர் போட்டு விற்கிறார்களே, அது பார்க்க நன்றாக இருக்கும். வெறும் பசையில் நிற்கிற சோல், தார்ச் சூட்டில் பசை இளகி வாயைப் பிளந்துவிடும். நல்ல ஷூ வாங்கினாலும் ஒரு வேலை செய்: தைக்கிறவரிடம் கொடுத்து சோலைச் சுற்றித் தையல் போடச் சொல். சோல் ஓரத்தில் வரப்பு மாதிரி இருக்கும் பார், அதில் மட்டும் ஊசி இறங்க வேண்டும், உள்ளே கால் வைக்கிற இடத்தில் நூல் முடிச்சு வந்தால் அதுவே கொப்புளம் போட்டுவிடும். தைத்து வாங்கியதும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் காசு கொடு.

புரட்டாசி புலி

எல்லாரும் ஷூ ஷூ என்கிறீர்களே. நாங்கள் புரட்டாசியில் திருப்பதிக்கு நடக்கிறவர்கள். மஞ்சள் துணி கட்டி, செங்குன்றம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் என்று வெறுங்காலில் போய், அப்புறம் அலிபிரியில் 3,550 படியும் ஏறுகிறோம். எங்கள் செட்டில் யாரும் ஷூ போடுவதில்லை. விரதம் என்றால் உடம்பு கொஞ்சம் படத்தான் வேண்டும். பூட்ஸ் போட்டு ஏ.சி.யில் தூங்கிப் போகிறதுக்குப் பேர் டூர்.

பழைய வண்ணை

புலி சார், உங்கள் விரதத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ரெண்டும் வேற வேற நடை. திருப்பதி நமக்கு 150 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், புரட்டாசியில் வெயிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும், முக்கால்வாசி ராத்திரி நடை. வேளாங்கண்ணி அதைவிட ரெண்டு மடங்கு, ஆவணி வெயில், கடலோர ரோடு. 35 டிகிரி வெயில் அடிக்கிற மத்தியானத்தில் தார் 55, 60 டிகிரி வரை போகும். வெறுங்காலில் வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே அடி வைத்து வருவார்கள். கறுப்பை விட வெள்ளை சூடு குறைவு, அவ்வளவுதான் ரகசியம். அந்த நாலு விரல் அகலக் கோட்டை விடக்கூடாது என்று தலை குனிந்து நடக்கும்போது எதிரே வருகிற பஸ் கண்ணில் படாது.

அப்புறம் முள். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க சீமைக் கருவேலம். அந்த முள் ஹவாய் செருப்பையே துளைத்துக்கொண்டு காலில் ஏறும், வெறுங்காலுக்குக் கேட்கவா வேண்டும்? யாராக இருந்தாலும் கிளம்புவதற்கு முன் டிடி ஊசி போட்டாச்சா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூனியர் தம்பி, உன் செட்டு அண்ணன்கள் சொன்னதில் பாதி உண்மை. லுங்கியும் துண்டும் போதும். மாதா பார்த்துப்பாங்க என்பதும் சரி, காலை மட்டும் நாம பாத்துக்கணும்.

மணலி மைலேஜ்

செருப்பு, ஷூ சண்டைக்கு ஒரு வழி: ரெண்டையும் எடுத்துப் போ. ஒரே காலணியில் நாள் முழுக்க நடந்தால் ஒரே இடத்தில் உராயும். காலையில் ஷூ, சாயந்திரம் பட்டை வைத்த ஃப்ளோட்டர்ஸ் என்று மாற்றினால் உராயும் இடமும் மாறும், கால் காற்று வாங்கும். ஃப்ளோட்டர்ஸில் ஒரு தொல்லை உண்டு, மரக்காணம் பக்கம் ரோட்டோரம் மணல், அது பாதத்துக்கும் செருப்புக்கும் நடுவில் புகுந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையைச் செய்யும். அங்கே மட்டும் சாக்ஸோடு போடு, பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. ஹவாய் செருப்பு குளிக்கவும் ராத்திரி எழுந்து போகவும் மட்டும். அதில் நடந்தால் கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் நாள் முழுக்க மடங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், ரெண்டாம் நாள் கெண்டைக்கால் கல்லாகிவிடும்.

சாக்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. பள்ளிக்கூட வெள்ளைக் காட்டன் சாக்ஸ் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஈரத் தோல் சீக்கிரம் கிழியும். பாலியஸ்டரோ நைலானோ கலந்த விளையாட்டு சாக்ஸ் மூன்று ஜோடி போதும். மத்தியானம் ஒரு தடவை மாற்று. கழற்றியதை அலசி, ஊக்கு குத்திப் பையின் பின்னால் தொங்கவிடு, நடக்க நடக்கக் காய்ந்துவிடும். ஒரு அட்டை ஊக்கு கட்டாயம் வாங்கு, இந்தப் பயணத்தில் அதைவிட உபயோகமான சாமான் கிடையாது.

பை: குட்டியானை வருகிறது என்றால் உன் தோளில் 3 கிலோவுக்கு மேல் எதற்கு? 20 லிட்டர் பை, இடுப்பில் கட்டுகிற பட்டை வைத்தது. அந்தப் பட்டையை இறுக்கினால் பாரம் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறங்கும். எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிட்டு நிறுத்துப் பார், காசிமேட்டுக்காரனுக்குத் தராசுக்கா பஞ்சம்! தண்ணீரே லிட்டருக்கு ஒரு கிலோ என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடு. ஸ்டீல் பாட்டில் கனம், சாதாரண ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ரெண்டு போதும். 2019 ஜனவரியிலிருந்து நம்ம ஊரில் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை, வழியில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் டிரம்மிலிருந்துதான் பிடித்துக் கொடுப்பார்கள், அதனால் பாட்டில் கையோடு இருக்கட்டும்.

மழைக்கு ரெயின்கோட் வாங்கிப் பணத்தை வீணாக்காதே. ஆகஸ்டில் சாயந்திரம் இடி மழை வரும், ஆனால் பிளாஸ்டிக் கோட்டுக்குள் நடந்தால் வெளியே நனைவதை விட உள்ளே வியர்வையில் அதிகம் நனைவாய். நீ நனைந்தால் காய்ந்துவிடுவாய், பைதான் நனையக்கூடாது. பைக்கு உள்ளே பெரிய கறுப்புக் குப்பைக் கவர் ஒன்று போட்டு அதற்குள் துணியை வை, பத்து ரூபாயில் வேலை முடிந்தது. குடை வெயிலுக்கு நல்லது, ஆனால் கடல் காற்றும் பஸ் கடக்கும் காற்றும் சேர்ந்தால் திருப்பிவிடும், ரோடு ஓரத்தில் அது ஆபத்து. அகல விளிம்புத் தொப்பியும், நனைத்துக் கழுத்தில் போட ஒரு ஈரிழைத் துண்டும் எடுத்துக்கொள். ஷூ நனைந்தால் ராத்திரி பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே அடைத்து வை, ஒரு தடவை மாற்றி அடைத்தால் காலையில் போடுகிற பதத்துக்கு வந்துவிடும்.

தேரடி அக்கா

ஆண்கள் எல்லாம் ஷூவிலேயே நிற்கிறீர்கள். தொடை உராய்வைப் பற்றி ஒருத்தராவது சொன்னீர்களா? வெட்கம். முதல் நாள் சாயந்திரமே பாதிப் பேர் காலை அகட்டி அகட்டி நடப்பார்கள், கேட்டால் "சும்மா லேசா" என்பார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் முட்டி வரைக்கும் வருகிற சைக்கிள் ஷார்ட்ஸ் கிடைக்கும், ரெண்டு வாங்கு, ஆணானாலும் பெண்ணானாலும் உள்ளே அதைப் போட்டுக்கொண்டு மேலே காவி வேட்டியோ சுடிதாரோ எது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அதோடு காலையில் கொஞ்சம் வாசலின். தேங்காயெண்ணெய் ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு போய்விடும்.

ஜூனியர், உன் அம்மா சேலையில் நடப்பாரா? கொசுவம் உள்ளே உராயும், கீழ் விளிம்பு மழையில் நனைந்தால் கனம் இழுக்கும். எங்கள் பெண்கள் செட்டில் பெரியவர்கள்கூட நடைக்குச் சுடிதார்தான், கோயிலுக்குள் போகும்போது சேலை மாற்றிக்கொள்வார்கள். கொஞ்சம் தொளதொளவென்று, அக்குளில் தையல் குத்தாததாகப் பார்த்து எடு.

இன்னொரு விஷயம் பெண்களுக்கு மட்டும். கழிப்பறைக்கு பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், நீர்க்கடுப்பு வந்து செங்கல்பட்டு எல்லை தாண்டுவதற்குள் காய்ச்சலில் வண்டியில் ஏறிவிடுவார்கள். வழியில் பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இருக்கும், தயங்காமல் கேளுங்கள். சோப்புத் துண்டு, சின்ன மக், பழைய துணி நாலு, நாப்கின் (தேதி இல்லையென்றாலும், நடையில் முன்னே பின்னே வரும்) எல்லாம் இடுப்புப் பையில் இருக்கட்டும், குட்டியானையில் போட்டால் அது அரை மணி நேரம் முன்னால் போய் நிற்கும். ராத்திரி தூங்குகிற இடத்தில் ரெண்டு சேலையைக் கயிற்றில் போட்டால் மறைப்பு. கயிறு பத்து முழம் எடுத்துக்கொள்.

டி.எச்.ரோடு பார்மசி

கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் என்கிற முறையில் சில விஷயம்.

கொப்புளம்: சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால்தான் வரும். வருவதற்கு முன்னால் அந்த இடம் சுள்ளென்று சுடும். அந்த நிமிஷமே நில்லுங்கள். "அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்" என்று நடந்தால் டீக்கடையில் கொப்புளத்தோடுதான் உட்காருவீர்கள். சாக்ஸைக் கழற்றி, துடைத்து, காய்ந்த தோலில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். மைக்ரோபோர் என்கிற பேப்பர் பிளாஸ்டர் வியர்த்த காலில் நிற்காது. துணியில் வருகிற லியூக்கோபிளாஸ்ட் கேட்டு வாங்குங்கள். கத்தரித்தபின் நாலு மூலையையும் வளைவாக வெட்டிவிட வேண்டும், கூரான மூலை இருந்தால் சாக்ஸ் அதைப் பிடித்துச் சுருட்டிவிடும். ஒட்டியபின் அரை நிமிஷம் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், சூட்டில் பசை பிடிக்கும். வாசலின் போட்ட இடத்தில் பிளாஸ்டர் ஒட்டாது, ஆகவே ஒரு இடத்துக்கு ரெண்டில் ஒன்றுதான். குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் கிளம்பும் நாளே ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் புத்திசாலிகள்.

கொப்புளம் பெரிதாகி வலித்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிடுங்கள், மேல்தோலை உரிக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யக்கூடாது.

ஓ.ஆர்.எஸ்.: ஒரு பாக்கெட் ஒரு முழு லிட்டருக்கு. அரை லிட்டரில் கலக்கினால் உப்பு அதிகமாகும். உலக சுகாதார நிறுவனக் கலவை என்று போட்ட பாக்கெட்டில் மொத்தம் 20.5 கிராம் இருக்கும், அதில் குளுக்கோஸ் 13.5, சோடியம் குளோரைடு 2.6. அந்த அளவைப் பார்த்து வாங்குங்கள். பழச்சாறு டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதி விற்றார்களே, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது. அவை இனிப்புப் பானம், இதற்கு மாற்று இல்லை.

வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக்கைக் கேட்காமல் தினமும் ரெண்டு போட்டுக்கொண்டு நடக்கிற பழக்கம் நம்ம செட்டுகளில் உண்டு. உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் அது கிட்னியைப் பிடிக்கும். வலித்தால் பாராசிட்டமால், அதற்கும் அடங்கவில்லையென்றால் அன்றைக்கு வண்டியில் ஏறுங்கள்.

ஜூனியர், அம்மா விஷயம் தனி. சர்க்கரை பல வருஷமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், முள் ஏறினாலும் சுட்டாலும் தெரியாது, மூன்று நாள் கழித்துச் சீழ் வைத்தபின் தெரியும். வெறுங்கால் கூடவே கூடாது. இதில் பேரம் கிடையாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், இத்தனை கிலோமீட்டர் நடக்கப்போகிறார் என்றும் சொல்லுங்கள். நடக்கும் நாட்களில் சர்க்கரை இறங்கும், மாத்திரை அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அவர் பையில் குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். திடீர் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல் என்றால் உடனே வாயில் போட வேண்டும், கூட நடக்கிறவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

புரட்டாசி புலி

பார்மசி சார் சொல்வதற்கு நான் எதிர்ப்பேச்சு பேசவில்லை. உடம்பு சரியில்லாதவர்கள் வேறு. நான் சொன்னது நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு. ஆனால் வேண்டுதல் என்று ஒன்று வைத்தபின் செருப்பு போட்டால் அந்த அம்மா மனசு கேட்குமா? அதையும் யோசியுங்கள். எங்கள் அம்மாவாக இருந்தால் போகவே மாட்டேன் என்பார்.

பழைய வண்ணை

அதற்கு வழி கோயிலிலேயே இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களும் நிறைய. தனிப்பட்ட முறையில் செய்த நேர்ச்சையை நியாயமான காரணம் இருந்தால் பங்குத் தந்தையே விலக்கித் தரலாம், திருச்சபைச் சட்டம் 1196-ல் இருக்கிறது. தம்பி, அம்மாவை இராயப்பர் கோயிலுக்கோ உங்கள் பங்குக்கோ கூட்டிப்போய் சாமியாரிடம் சொல்லச் சொல். நீ சொன்னால் "மகன் தடுக்கிறான்" என்று இருக்கும், பார்மசி சொன்னால் "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று இருக்கும். சாமியார் சொன்னால் முடிந்தது.

அதோடு அம்மாவுக்கு முழு தூரமும் எதற்கு? காலையில் வெயிலுக்கு முன் நடக்கட்டும், அப்புறம் வண்டியில் வரட்டும். வேளாங்கண்ணியில் பழைய மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவில் மணல் பாதை இருக்கிறதே, ஜனங்கள் முழங்காலில் போகிற இடம், அங்கே விடியற்காலை மணல் குளிர்ந்திருக்கும்போது ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்து போகட்டும். அதுவும் செருப்போடுதான், இல்லையென்றால் பார்மசி விடமாட்டார்.

பெரியமேடு பார்ட்டி

அம்மாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்கு. சர்க்கரைக்காரர்களுக்கு என்றே வருகிறது, உள்ளே மெத்தென்ற ரப்பர், பின்னால் பட்டை வைத்ததாகக் கேள், பின் பட்டை இல்லாததில் நெடுந்தூரம் நடக்க முடியாது. விரல் நடுவே கொக்கி வருகிற மாடல் வேண்டாம், அந்த இடம்தான் முதலில் புண்ணாகும். வாங்கியதும் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி, ரெண்டு மணி என்று போட்டுப் பழக்கி, ஒவ்வொரு தடவையும் கழற்றியபின் பாதத்தில் சிவப்பாக எங்காவது இருக்கிறதா என்று நீ பார். அம்மா குனிந்து பார்க்க முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். போடுவதற்கு முன் செருப்பைத் தட்டிப் போடச் சொல், உள்ளே சின்னக் கல் கிடந்தால்கூட அவருக்குத் தெரியாது.

கல்மண்டபம் ஜூனியர்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. அம்மாவுக்கு மொத்தத்தையும் படித்துக் காட்டினேன். வெறுங்கால் கிடையாது என்ற இடத்தில் முகம் சுருங்கியது, சாமியாரிடம் கேட்கலாம் என்றதும் "அவர் சொன்னா சரி" என்று ஒத்துக்கொண்டார்.

ரெண்டு சந்தேகம். ஒன்று, ராத்திரி நடைக்கு விளக்கு என்ன மாதிரி? எங்கள் செட்டு எல்லாரும் காவி டி-ஷர்ட் அடித்திருக்கிறோம், தூரத்திலிருந்தே தெரியும் என்கிறார்கள். ரெண்டு, தூங்குவதற்கு ஸ்லீப்பிங் பேக் தேவையா?

மணலி மைலேஜ்

காவி பகலில் நன்றாகத் தெரியும். ராத்திரி லாரி விளக்கு வெளிச்சத்தில் அது மங்கல் பழுப்பு, ரோட்டோடு ரோடாகப் போய்விடும். இருட்டில் தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் பட்ட திசைக்கே திருப்பி அனுப்புகிற வெள்ளிப் பட்டை வேண்டும். ரோடு வேலை செய்கிறவர்கள் போடுகிற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் பாரிமுனையில் நூறு நூற்றைம்பதுக்கு வாங்கலாம். எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்றால் பட்டையை மீட்டர் கணக்கில் வாங்கி டி-ஷர்ட் முதுகிலும் கெண்டைக்காலிலும் தைத்துவிடுங்கள். கெண்டைக்கால் முக்கியம், ஏறி இறங்குகிற வெளிச்சத்தைப் பார்த்தால் ஆள் நடக்கிறான் என்று டிரைவருக்குத் தூரத்திலேயே புரியும்.

நடப்பது வலது ஓரம், எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் டார்ச், மற்றவர்கள் அணைத்து வைக்கட்டும். எல்லாரும் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் அடித்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. குட்டியானை ஊர்ந்து வருவதானால் எல்லாருக்கும் பின்னால், நாலு பக்க விளக்கும் மின்னியபடி. சப்பரம் இழுக்கிறவர்கள் சீரியல் பல்பு போட்டிருப்பார்கள், அதை நம்பி வரிசையை விட்டு ரோட்டு நடுவுக்கு வருவதுதான் வினை.

தேரடி அக்கா

ஸ்லீப்பிங் பேக்கா? ஆகஸ்டில் அதற்குள் படுத்தால் இட்லி மாதிரி வெந்துவிடுவாய். கீழே தார்ப்பாய், மேலே கோரைப்பாய், போர்த்த லுங்கி, காலுக்கும் கைக்கும் ஓடோமாஸ். பாய்க்கு ஓரம் துணி வைத்துத் தைத்திருந்தால் தினமும் சுருட்டி விரித்தாலும் பிரியாது. தலையணைக்கு மறுநாள் துணியைச் சுருட்டி வைத்துக்கொள். பஞ்சு ஒரு உருண்டை எடுத்துக்கொள், கொப்புளத்துக்கு இல்லை, காதுக்கு. ஒரே மண்டபத்தில் மூன்று செட்டு இறங்கினால் மூன்று ஸ்பீக்கரிலும் மூன்று மாதா பாட்டு ஓடும்.

படுக்கும்போது காலைப் பையின் மேல் தூக்கி வைத்துக்கொள். உப்புத் தண்ணீரில் கால் வைப்பது சுகம்தான், ஆனால் ஊறிய தோல் மறுநாள் சீக்கிரம் கொப்புளிக்கும், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், விரல் இடுக்கு வரை துடைத்துக் காயவிட்டுப் படு.

கல்மண்டபம் ஜூனியர்

சரி. இன்று சாயந்திரம் பெரியமேடு போய் ஷூ வாங்கினேன், 1,900 ரூபாய், வழக்கத்தை விட ஒரு அளவு பெரியது. அம்மாவுக்குச் செருப்பு 750. சாக்ஸ், ஷார்ட்ஸ், பிளாஸ்டர், ஓ.ஆர்.எஸ். எல்லாம் சேர்த்து 900 வந்தது. பை வீட்டில் தங்கச்சியின் காலேஜ் பை இருக்கிறது, இடுப்புப் பட்டை இல்லை.

மணலி மைலேஜ்

3 கிலோதானே, பட்டை இல்லாவிட்டால் குடி முழுகாது. தோள் பட்டை ரெண்டையும் நெஞ்சுக்கு முன்னால் ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டு, நழுவாது. மிச்சக் காசில் ரிஃப்ளெக்டர் பட்டை வாங்கிவிடு. 10,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் ஒன்று நண்பர்களிடம் இரவல் கேள், மண்டபத்தில் ஒரு பிளக்குக்கு முப்பது பேர் நிற்பார்கள்.

பெரியமேடு பார்ட்டி

புது ஷூவை அப்படியே கிளம்பும் நாளில் போட்டுவிடாதே. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, வேலைக்கும் அதையே போட்டுக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை நீள நடை ஒன்று, பையில் அன்றைக்குச் சுமக்கப்போகிற அதே கனத்தோடு. எது எங்கே உராய்கிறது என்று காசிமேட்டிலேயே தெரிந்துவிட்டால் மாற்றலாம், கடலூரில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நகத்தைக் கிளம்புகிற அன்று வெட்டாதே, நாலு நாள் முன்னால், நேராக.

நீள நடைக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் போகாதே, கன்டெய்னர் லாரியும் புழுதியும்தான். டி.எச். ரோட்டிலேயே (திருவொற்றியூர் ஹை ரோடு) விடியற்காலையில் விம்கோ நகர் வரை போய்விட்டு, கால் மிச்சம் இருந்தால் திரும்பி நட, இல்லையென்றால் மெட்ரோவில் ஏறிவிடு.

தேரடி அக்கா

ஜூனியர், இந்த ஞாயிறு நாங்களும் நடக்கிறோம். அம்மாவையும் கூட்டிவா, தேரடி வரை மட்டும் நடக்கட்டும், அங்கே டீ குடித்துவிட்டு மெட்ரோவில் அனுப்பிவிடலாம். புதுச் செருப்பு என்ன செய்கிறது என்று நானே பார்க்கிறேன். சுடிதார் எடுத்தாச்சா?

கல்மண்டபம் ஜூனியர்

இன்னும் இல்லை அக்கா, சேலைதான் என்கிறார். நீங்களே பேசுங்கள். எத்தனை மணிக்கு?

தேரடி அக்கா

நாலரைக்குக் கல்மண்டபத்தில் நில்லுங்கள். அம்மா சாப்பிடாமல் வரவேண்டாம், ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வரச் சொல்.